எண்ணூறு அடி: ஐயனார் காட்டுக்குள் ஒரு சக்கர நாற்காலிப் பாதை

காரைக்குடிப் பக்கம் எனக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று இரும்புதான் என் தொழில். மண் வேலை எனக்குத் தெரியாது. போன தை மாதத்திலிருந்து இந்தத் தை வரை எங்கள் ஊர் ஐயனார் கோவில் காட்டுக்குள் 800 அடிக்கு மண் பாதை போட்டு, அதில் 12 அடியை மழைக்குக் கொடுத்து, மறுபடி போட்டு முடித்த கதை இது. வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் நாங்கள் விழுந்த குழியில் விழாமல் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதற்கு முன்பு சவாரி முடிந்து வந்தால் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஐயனார் காட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். உள்ளே ஊருணிக் கரையில் ஒரு பெரிய பாலை மரம் இருக்கிறது. உலக்கைப் பாலை என்போமே, அது. போன தைப்பொங்கலுக்கு எல்லோரும் காட்டுக்குள் பொங்கல் வைத்தோம். மச்சான் ரோட்டில், ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். "நாலு பேர் தூக்கிட்டுப் போயிடலாம் மச்சான்" என்றேன். "என்னைய அங்கிட்டுப் பொணமாத் தூக்கிட்டுப் போறப்பப் பாத்துக்கலாம் மாப்ள. உருண்டு போக வழி இருந்தாச் சொல்லு" என்றார்.

காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் காடு என்றால் மலையும் அருவியும் இல்லை. செம்புறாங்கல் பூமி. வெளியே பெரும்பாலும் தைல மரமும் சீமைக் கருவேலமும்தான். பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கோவில் காட்டுக்குள்தான் போக வேண்டும். வீரை, காசான், குருந்து, உசிலை, பாலை எல்லாம் அங்கே மிச்சம் இருக்கின்றன. அதுவும் ஒருத்தரும் கை வைக்காததால். காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஒரு மரத்தையும் வெட்டாமல், வேரில் கடப்பாரை படாமல் செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள் என்றுதான் ஊர்க்கூட்டத்தில் ஊர்த் தலைவரான அம்பலம் அனுமதி கொடுத்தார். பாதை நேராக இல்லாமல் ஏழு இடத்தில் வளைவதற்கு அதுதான் காரணம்.

முதலில் நான் பாதையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரும்புக்காரன் புத்தி, நாற்காலியைத்தான் மாற்றப் பார்த்தேன். பையனின் பழைய 12 இஞ்ச் சைக்கிள் சக்கரத்தை எடுத்து, ஒரு கவையில் மாட்டி, மிதிபலகைக்கு முன்னால் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் தரையிலிருந்து ஒரு இஞ்ச் தூக்கிக்கொள்ளும். வேலை செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணலில் திருப்பும்போது மச்சானுக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. தவிர, ஊரில் வாக்கர் வைத்து நடக்கும் கிழவிகள் மட்டும் ஐந்து பேர். அவர்களுக்கெல்லாம் எந்தச் சக்கரத்தை மாட்டுவது? சரி, தரையைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவுக்கு வந்தோம்.

எங்கள் காட்டில் மேடு பள்ளம் பெரிதாகக் கிடையாது. ரோட்டிலிருந்து ஊருணிக்கரை வரை மொத்தச் சரிவே மூன்றடி இருந்தால் அதிகம். சரிவு இல்லாவிட்டால் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கினேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். மச்சான் 68 கிலோ, நாற்காலி 17, ஆக 85 கிலோ. தராசின் கொக்கியை நாற்காலியின் முன் சட்டத்தில் கயிறு போட்டு மாட்டி, ஒரே வேகத்தில் மெதுவாக இழுத்தால் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பட்டறையின் சிமெண்ட் தரையில் ஒன்றரை கிலோ. காட்டுப் பாதையின் பொடி மணலில் 14 கிலோ. சில இடத்தில் குட்டிச் சக்கரம் புதைந்து முள் 20-ஐத் தாண்டி, நாற்காலியே முன்னால் கவிழப் பார்த்தது.

இதைச் சரிவுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். 12 அடிக்கு ஓரடி ஏறும் சாய்வுதளத்தில் 85 கிலோவை இழுக்கக் கூடுதலாக ஏழு கிலோ விசை வேண்டும். எங்கள் மணல் கேட்டது சிமெண்ட் தரையைவிடப் பன்னிரண்டரை கிலோ கூடுதல். அதாவது ஏழடிக்கு ஓரடி ஏறும் மேட்டை 800 அடிக்குக் கை வலிக்கத் தள்ளிக்கொண்டே போவதும், இந்தச் சமதளத்தில் போவதும் ஒன்று. 1-க்கு 12 என்ற கணக்கை நம் ஊர் பாங்கு வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் பார்த்திருப்பீர்கள். அது கட்டடத்துக்கான அளவு. அமெரிக்க வனத்துறை காட்டுப் பாதைகளுக்கென்றே தனியாக அளவுகள் வைத்திருக்கிறது. 20-க்கு 1 வரை எவ்வளவு தூரமும் போகலாம், 12-க்கு 1 என்றால் ஒரு மூச்சில் 200 அடி, 10-க்கு 1 என்றால் 30 அடி, 8-க்கு 1 என்றால் 10 அடிதான், இடையிடையே சமதளம் வேண்டும் என்று. அகலம் குறைந்தது மூன்றடி. இதற்கெல்லாம் மேலே அவர்கள் வைக்கும் நிபந்தனை, தரை இறுகியிருக்க வேண்டும், சக்கரம் அழுத்தினால் பெயரக் கூடாது என்பது. சரிவு நமக்குச் சும்மாவே கிடைத்துவிட்டது. மீதிப் பாடு முழுக்கத் தரைதான்.

எதைப் போடுவது என்பதில் ஊரில் ஆளுக்கொரு யோசனை. பெரும்பான்மை ஓட்டு பேவர் பிளாக்குக்கு. தமிழ்நாட்டில் எந்த வெற்றிடத்தைப் பார்த்தாலும் பேவர் பிளாக் போடச் சொல்லும் ஒரு நோய் வந்திருக்கிறது. மரத்தடியில் போட்டால் இரண்டு மழையில் ஒரு பக்கம் இறங்கும், வேர் ஒரு பக்கம் தூக்கும், கல்லுக்குக் கல் முக்கால் இஞ்ச் தட்டும். நடக்கிறவன் கால் அதைத் தானாகச் சமாளித்துவிடும். குட்டிச் சக்கரம் அங்கேயே முட்டி நிற்கும். ஒருவர் ஆத்தங்குடி டைல்ஸ் பதிக்கலாம், நம்ம ஊர்ப் பெருமை என்றார். வீட்டுப் பட்டாலைக்கு அழகுதான், மழையில் நனைந்தால் வழுக்கு மரம். மரப்பலகை யோசனையும் வந்தது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடற்கரை மணலுக்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டார்களே, அது மாதிரி என்று. அந்தப் பாதையே அடுத்த மாதம் மாண்டஸ் புயலில் ஒரு பகுதி சிதைந்து, பிறகு சரிசெய்தார்கள். எங்களுக்குப் புயலை விடப் பெரிய எதிரி கரையான். சிமெண்ட் ரோடு போட்டால் மண்ணுக்கு அடியில் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "ஐயனார் காட்டுக்குள்ள காங்கிரீட்டா?" என்று வேளார் ஒரே கேள்வி கேட்டார், அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. வேளார்தான் பூசாரி. ஐயனாருக்குப் புரவி, அதாவது மண் குதிரை, செய்வதும் அவர் குடும்பம்தான்.

ஆக மண் பாதை. எங்கள் ஊரில் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். முட்டை வெள்ளைக்கரு போட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி தேய்த்த தலைமுறையின் கடைசி ஆள். அவரிடம் போய் நின்றேன். "சொவத்துக்குப் பூசுனதத் தரைக்குப் பூசுனா ஒடையாதாண்ணே?" என்றதற்கு, "பூசுனா ஒடையும். இடிச்சா நிக்கும்" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் பத்தடி நீளத்துக்கு மூன்று பட்டை போட்டுப் பார்த்தோம். முதல் பட்டையில் வெறும் கிராவல், தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியது. இரண்டாவது கிராவலுடன் கிரஷர் தூள் கலந்தது. மூன்றாவது கிராவல், சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கி என்றால் செங்கல்லையும் ஓட்டையும் இடித்த பொடி. செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை, வாரத்துக்கு ஒரு பழைய வீடு இடிபடுகிறது, உடைந்த நாட்டு ஓடு வண்டிக் கணக்கில் கிடைக்கும். காட்டுக்குள்ளேயே உடைந்த மண் குதிரை குவியலாகக் கிடக்கிறதே, அதையும் இடித்துக்கொள்ளலாமே என்று ஒரு சித்தாள் பையன் கேட்டுவிட்டான். வேளார் கோபப்படவில்லை. "அது தானா மண்ணாகும்டா. நாம ஆக்கக் கூடாது" என்றார்.

மூன்றாவது பட்டைதான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். பத்து நாளில் அது பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தது. கொத்தனார் கிராவலில் ஒரு பிடி எடுத்து, எச்சில் அளவு தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் பாம்பு மாதிரி உருட்டினார். விரல் நீளம் வருவதற்குள் அறுந்தது. "இதுல களியே இல்லையே. சுண்ணாம்பு எதப் பிடிக்கும்?" என்றார். சிமெண்டுக்கு மணல் இருந்தால் போதும், சுண்ணாம்புக்குக் களிமண் வேண்டும். களியோடு சேர்ந்தால்தான் அது நாளாக நாளாகக் கல்லாகும். நான் சந்தேகத்துக்கு ஒரு பாட்டிலில் பாதி கிராவலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் சரளை, மேலே மணல், அதற்கு மேலே களி நகத்தின் தடிமன் அளவுக்குத்தான் படிந்திருந்தது.

களிக்கு எங்கே போவது? ஊருணியிலேயே கிடந்தது. வண்டல். கோடையில் தூர் வாரிக் கரையில் கொட்டியிருந்ததைக் கட்டி உடைத்துச் சலித்துச் சேர்த்தோம். கடைசியில் நின்ற கலவை இது: கிராவல் 12 சட்டி, வண்டல் 3 சட்டி, நீற்றிச் சலித்த சுண்ணாம்புத் தூள் 2 சட்டி, சுர்க்கி ஒன்றரைச் சட்டி. எடைக்கணக்கில் பார்த்தால் சுண்ணாம்பு நூற்றுக்கு ஐந்து பங்கு வரும். உங்கள் ஊர் மண்ணில் களி அதிகமென்றால் வண்டலே வேண்டாம். பாம்பு உருட்டிப் பார்க்காமல் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

தராசு சொன்னதையும் எழுதிவிடுகிறேன். வெறும் கிராவல் பட்டையில் காய்ந்திருந்தால் 5 கிலோ, ஈரமானால் 9. கிரஷர் தூள் பட்டையில் 3, ஆடுகள் ஒரு வாரம் நடமாடிய பிறகு நாலரை. வண்டல் சேர்த்துத் திரும்பப் போட்ட சுண்ணாம்புப் பட்டையில் இரண்டரை, நனைந்தாலும் 3. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைக்காத ஊரில் கிரஷர் தூளே தாராளமாகப் போதும், வருடத்துக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் தூவி இடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சித்திரையில் வேலை தொடங்கியது. அகலம் ஐந்தடி. ஒரு நாற்காலியும் பக்கத்தில் பேசிக்கொண்டே நடக்க ஒரு ஆளும் போகலாம். கனம் ஆறு இஞ்ச், கீழ் மூன்று இஞ்ச் வெறும் கிராவல், மேல் மூன்று இஞ்ச் சுண்ணாம்புக் கலவை. 800 அடிக்கு இறுகிய அளவில் 20 யூனிட், யூனிட் என்றால் நூறு கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் 26 டிராக்டர் லோடு அடிக்க வேண்டி வந்தது, லோடு ஒரு யூனிட் கணக்கில். சுண்ணாம்பு இரண்டரை டன். காட்டுக்குள் டிராக்டர் வரக் கூடாது என்பதால் ரோட்டோரம் கொட்டித் தள்ளுவண்டியில் கொண்டு போனோம். இருக்கிற தரையைத் தோண்டவே இல்லை. சருகை வாரி ஒதுக்கிவிட்டு மேலே போட்டதுதான். வேர் புடைத்திருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் பத்தடிக்கு மண்ணை நீட்டி, மேடே தெரியாமல் ஏற்றி இறக்கினோம்.

கல் சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தூள் கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அலட்சியமாக இருந்தோம். முதல் நாளே ஒரு சித்தாளுக்குக் கண்ணில் பட்டு, அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பார்வைக்குச் சேதமில்லை. மறுநாளிலிருந்து கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் சட்டியைத் தொட விடவில்லை.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில்தான் கலவை போடுவேன் என்று கொத்தனார் பிடிவாதம். அண்டாவில் பதினைந்து நாள் ஊறியது, காடே புளித்த வாடை. அது இல்லாமலும் ஒரு பட்டை போட்டுப் பார்த்திருக்க வேண்டும், அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் தைரியமில்லை. பலன் எவ்வளவோ, முதல் பலன் கட்டெறும்புக்குத்தான் போனது. போட்ட இரண்டாம் நாள் பாதையின் இரு ஓரமும் கறுப்புக் கோடு கிழித்த மாதிரி எறும்பு.

இடிக்க வாடகைக்கு ஒரு காம்பாக்டர் எடுத்தோம். வளைவிலும் மரத்தடியிலும் மெஷின் திரும்பாது. அங்கே திமிசுக்கட்டைதான். கலவையின் ஈரம் முக்கியம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், போட்டால் இரண்டாய் உடைய வேண்டும். சேறாக இருந்தால் கட்டை ஒட்டிக்கொண்டு கூடவே பெயர்த்துக்கொண்டு வரும். இடித்த பிறகு இரண்டு வாரம் காயவிடாமல் தென்னங்கீற்றுப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். சித்திரை வெயிலில் இது பெரிய பாடு. முதலில் வைக்கோல் பரப்பியிருந்தோம். அதைத் தின்ன ஆடு வந்தது. குளம்புத் தடம் அரை இஞ்ச் ஆழத்துக்குப் பதிந்து ஐம்பதடி பாழ்.

பக்கச் சாய்வில் ஒரு தப்பு நடந்தது. தண்ணீர் வடிய வேண்டுமே என்று கொத்தனார் ஐந்தடி அகலத்துக்கு மூன்று இஞ்ச் சாய்வு கொடுத்துவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்த எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அமெரிக்க அளவிலும் மண் பாதைக்கு 20-க்கு 1 வரை பக்கச் சாய்வு இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. முதல் நூறு அடி இறுகியதும் மச்சானைக் கூட்டி வந்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் காட்டுக்குள் வருகிறார், முகம் மலரும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் பாதி தூரத்தில் நின்றுவிட்டார்.

"மாப்ள, வண்டி எடது பக்கம் இழுக்குது."

"சக்கரத்துல காத்து கம்மியா இருக்கும் மச்சான்."

"லாரி ஓட்டுனவன்டா நான். ரோடு இழுக்குதா வண்டி இழுக்குதான்னு எனக்குத் தெரியாதா? திரும்பி வர்றப்ப வலது பக்கம் இழுத்தா ரோடு."

திரும்பி வரும்போது வலது பக்கம்தான் இழுத்தது. நேராகப் போக அவர் ஒரு கையால் தள்ளி, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறார். நூறடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. அந்த நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து இருபதடி தள்ளிப் பார்த்தார். இறங்கி மம்பட்டியை எடுத்து மேல் மூன்று இஞ்சையும் கொத்தச் சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை ஐந்தடிக்கு ஒன்றேகால் இஞ்ச் சாய்வு. தண்ணீர் அதிலேயே வடிகிறது. அதன் பிறகு அம்பதடிக்கு ஒருமுறை மச்சான் ஓட்டிப் பார்த்து "ஆகட்டும்" என்று சொன்னால்தான் அடுத்த அம்பதடி.

கேட் என் வேலை. காட்டு முகப்பில் மாடு நுழையாதபடி இரண்டு கல்தூண் நட்டிருந்தார்கள், நடுவே இரண்டடி. நாற்காலி 26 இஞ்ச். ஒரு தூணை நகர்த்தி 36 இஞ்ச் ஆக்கி, இரும்புக் கேட் போட்டேன். கீலை நேர்க்குத்தாக வைக்காமல் லேசாகச் சாய்த்து வைத்தால் கேட் தன் எடையிலேயே வந்து மூடிக்கொள்ளும், ஸ்பிரிங் வேண்டாம். இதைப் பல வீட்டுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் இங்கே மச்சான் கேட்டைத் தன் பக்கம் இழுத்தால் அது அவர் முழங்காலில் வந்து இடிக்கிறது. பின்னால் போனால் கை எட்டவில்லை. நிற்கிறவன் இரண்டடி பக்கவாட்டில் விலகி நின்று இழுப்பான், அதை யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. கீலைப் பிரித்து இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி மாற்றினேன். இப்போது மிதிபலகையாலேயே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். கொக்கியை மேலேயிருந்து இறக்கி இரண்டேமுக்கால் அடி உயரத்தில் வைத்தேன். அந்த உயரம் ஆட்டுக்கும் வசதி, ஒரு கிடா மூக்கால் தூக்கித் திறக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

உட்காருவதற்கு நூறு அடிக்கு ஒரு கல்பலகை, பதினெட்டு இஞ்ச் உயரம், பக்கத்தில் நாற்காலி ஒதுங்க ஐந்துக்கு ஐந்து சமதளம். முதலில் இரும்பு பெஞ்சுதான் அடித்தேன். மே மாதத்தில் அதில் உட்கார்ந்த அப்பத்தா என்னைத் திட்டியதை எழுத முடியாது.

செருப்புப் பிரச்சினையையும் சொல்லிவிட வேண்டும். முதல் குதிரைக்கு முன்னால் ஒரு கல் இருக்கிறது, அதற்கு அப்பால் செருப்போடு போகக் கூடாது. அப்படியென்றால் ரோட்டில் உருண்டு வந்த சக்கரம்? இரண்டு பேர் கூடாது என்றார்கள். தேரும் ரோட்டில்தானே உருளுது என்றார் ஒருவர். தேர் ரோட்டுக்குப் போகிறது, கோவிலுக்குள் வருகிறதா என்றார் இன்னொருவர். பேச்சு முற்றுவதற்குள் வேளார் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நாலு சக்கரத்திலும் ஊற்றி, "கால் கழுவியாச்சு, போங்கப்பா" என்று அனுப்பிவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியும் செம்பும் இருக்கிறது. ஒரே தொல்லை, ஈரச் சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பழைய சாக்கை விரித்திருக்கிறோம், அதன் மேல் ஒரு உருட்டு உருட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆடி வெள்ளிக்குப் பாதை திறந்தாகிவிட்டது. ஐப்பசியில் அடைமழை. ஒரு ராத்திரியில் 12 அடியைக் காணோம்.

தப்பு என்னுடையது. காட்டுக்குக் குறுக்கே ஊருணிக்கு ஒரு வரத்துக்கால் போகிறது. செட்டிநாட்டில் ஊருணியை மறந்துவிட்டு எந்த வேலையும் செய்யக் கூடாது. பெய்கிற மழையெல்லாம் வரத்துக்கால் வழியாகத்தான் ஊருணிக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கென்றே சரிவு பார்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மேலே பாதை கடக்கும் இடத்தில் நான் ஆறு இஞ்ச் பி.வி.சி. பைப் ஒன்றைப் பதித்து, மேலே மண்ணை மூடிவிட்டேன். காட்டில் சருகு விழும் என்பதுகூட ஞாபகமில்லை. பைப் வாய் அடைத்து, பாதை அணை மாதிரி தண்ணீரைத் தேக்கி, அப்புறம் தாண்டி வழிந்து, அடியோடு அரித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பைப் மட்டும் பல்லிளித்துக்கொண்டு கிடக்கிறது. தண்ணீர் வரத்து ஒரு நாள் தடைப்பட்டதற்கு அம்பலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதுவும் நியாயம்தான்.

மழை விட்டு மண் காய்ந்த பிறகு, தை பிறந்ததும் பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாம்போதி கட்டினோம். கிராமத்து ரோடுகளில் ஓடை குறுக்கிடும் இடத்தில் பாலம் கட்டாமல் ரோட்டையே இறக்கி ஏற்றியிருப்பார்களே, அதுதான். நடுவில் ஆறு இஞ்ச் பள்ளம். 20-க்கு 1 சரிவு என்றால் ஆறு இஞ்ச் இறங்கப் பத்தடி, ஏறப் பத்தடி. இந்த இருபதடிக்கு மட்டும் கல். இடித்த வீட்டிலிருந்து வந்த படிக்கற்களை உளியால் லேசாகக் கொத்திச் சொரசொரப்பாக்கி, இடுக்கு அரை இஞ்சுக்கு மேல் போகாமல் பதித்து, சுண்ணாம்புச் சாந்து அடைத்தோம். அரை இஞ்சுக்கு மேல் இடுக்கு விட்டால் குட்டிச் சக்கரம் அதில் திரும்பி மாட்டிக்கொள்ளும். தண்ணீர் இறங்கும் பக்கம் மூன்றடி அகலத்துக்குச் செம்புறாங்கல் அடுக்கினோம், விழுகிற தண்ணீர் அடியைத் தோண்டாமல் இருக்க. மழை பெய்யும்போது இரண்டு மூன்று மணி நேரம் அந்த வழியாகப் போக முடியாது. போகட்டும், அந்த நேரத்தில் தண்ணீருக்குத்தான் முதல் உரிமை.

செலவு மொத்தம் 1,80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, தாம்போதி உட்பட. பாதி தலைக்கட்டு வரி, மீதி வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியது. என் கூலியும் கொத்தனார் கூலியும் அதில் சேரவில்லை. அவர் வாங்க மறுத்துவிட்டார், நான் கேட்க முடியாமல் போனது.

நான் எதிர்பாராத ஒரு தொல்லை முள். சூரை முள்ளும் கருவேல முள்ளும் காற்றில் வந்து பாதையில் விழுகின்றன. இறுகிய தரையில் அவை புதைவதில்லை, மல்லாந்து கிடந்து டயரைக் குத்துகின்றன. மச்சானுக்கு முதல் மாதத்தில் நாலு பஞ்சர். திட ரப்பர் டயருக்கு மாற்றினோம். பஞ்சர் நின்றது, ஆனால் அதிர்வு இடுப்பில் தெரியாவிட்டாலும் தோளில் ஏறுகிறது என்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் ஈர்க்குமாறு போட வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். யார் முறையோ அவர் வராத வெள்ளிக்கிழமைகளில் அக்கா பெருக்கிவிடுகிறாள்.

மச்சான் இப்போது சாயந்திரம் நாலரைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். போன வாரம் ஏதோ கேட்கப் போனேன். பாலை மரத்தடியில் பிரேக்கைப் போட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன். வரும்போது தாம்போதியைப் பார்த்தேன், மேற்குப் பக்கம் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து உதிர்ந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அடைக்க வேண்டும். கடுக்காயை இந்த வாரமே ஊறப்போடச் சொல்லியிருக்கிறார் கொத்தனார்.